டெலிவரி ஆகாமல் திரும்பும் பார்சல்: வழியிலேயே பிடிப்பது எப்படி, வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது

ஆன்லைனில் சேலை விற்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 750 ரூபாய் சேலை, அதில் உங்களுக்கு நிற்பது 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கூரியர் 75, திரும்பி வரும்போது 65, கவர், டேப், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து ஒரு 12. ஆக 152 ரூபாய் போச்சு. ஒரு பார்சல் திரும்பினால் இன்னொரு சேலையில் வந்த லாபம் முழுசாகக் கரைகிறது. இதில் சேலை கசங்கி வந்தாலோ, ரெண்டு வாரம் ஸ்டாக் முடங்கினாலோ ஏற்படும் நஷ்டத்தைச் சேர்க்கவே இல்லை.

கூரியர்காரர்கள் இதை ஆர்டிஓ (ரிட்டர்ன் டு ஆரிஜின், அதாவது அனுப்பியவருக்கே திரும்புவது) என்பார்கள். கஸ்டமர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திருப்பி அனுப்புவது வேறு, கஸ்டமர் கைக்கே போகாமல் திரும்புவது வேறு. நான் சொல்வது இரண்டாவது வகை. இதில் நிறையப் பேர் "கஸ்டமர் ஏமாத்திட்டாங்க" என்று சொல்லி பார்சலை மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் திரும்பிய காரணத்தைக் கேட்டுப் பார்த்தால் பாதி நேரம் கஸ்டமர் மேல் தப்பே இருக்காது, பல பார்சல்களைத் திரும்புவதற்கு முன்பே காப்பாற்றியிருக்கலாம்.

பார்சல் ஒரே நாளில் திரும்பிவிடுவதில்லை. டெலிவரி பையன் போய் கொடுக்க முடியவில்லை என்றால் ஒரு காரணம் பதிவு செய்வார்: ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, முகவரி சரியில்லை, வேண்டாம் என்றார், பணம் தயாராக இல்லை, வேறு நாள் வரச் சொன்னார். இது உங்கள் கூரியர் பேனலில், அதாவது கூரியரின் தளத்தில் உங்கள் கணக்கில், என்டிஆர் (நான்-டெலிவரி ரிப்போர்ட், கொடுக்க முடியாத பார்சல்களின் பட்டியல்) என்ற பக்கத்தில் வந்து நிற்கும். பெரும்பாலான கூரியர்கள் மூன்று முறை வரை முயற்சி செய்வார்கள், அதற்குள் நீங்கள் மறுபடி கொண்டுபோகச் சொல்லி ரீ-அட்டெம்ட் போடவில்லை என்றால் பார்சலைத் திருப்பிவிடுவார்கள். அந்த இரண்டு மூன்று நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். காலையில் புது ஆர்டர் பார்ப்பதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் பாருங்கள், சாயங்காலம் இன்னொரு தடவை பாருங்கள். டெலிவரி பையன்கள் காலையில்தான் அன்றைய ரன்ஷீட்டோடு (அன்று கொடுக்க வேண்டிய பார்சல் பட்டியல்) கிளம்புகிறார்கள், அதனால் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் போட்ட ரீ-அட்டெம்ட்டுக்கு மறுநாளே போக வாய்ப்பு அதிகம். அதை விட்டு மறுநாள் மதியம் போட்டால் ஒரு நாள் போய்விடும்.

பேனலில் எழுதியிருக்கும் காரணத்தை அப்படியே நம்பி ரீ-அட்டெம்ட் பட்டனை அழுத்தாதீர்கள். கஸ்டமருக்கு நீங்களே போன் செய்யுங்கள். "ஆள் இல்லை" என்று போட்டிருக்கும், அந்தம்மா "நான் காலையிலிருந்து வீட்லதான் இருக்கேன், யாருமே வரலையே, ஒரு போன்கூட வரலை" என்பார். அப்படிச் சொன்னால் அந்த நாளின் கால் லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லி, அதையும் சேர்த்து கூரியரில் புகார் போடுங்கள். டெலிவரி ஆப்பிலிருந்து செய்த கால், அந்த நேரத்தில் பையன் நின்ற இடம் இரண்டும் பல கூரியர்களிடம் பதிவாக இருக்கும், கேட்டால் சரிபார்ப்பார்கள். அதற்காகப் பையனிடம் போனில் கத்த வேண்டாம். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், வெயிலில் மாடி ஏறி இறங்குகிறவர். அன்பாகப் பேசி "அண்ணா, மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச்சந்து, பச்சை கேட்" என்று வழி சொன்னால் அடுத்த முறையும் நம் பார்சலைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

போன் எடுக்காததற்கு முக்கியக் காரணம் லோன் வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமா என்று வரும் தொல்லை கால்கள். தெரியாத நம்பரை இப்போது யாரும் எடுப்பதில்லை. அதனால் பார்சல் 'அவுட் ஃபார் டெலிவரி' என்று மாறியதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுங்கள்: "அக்கா, உங்க சேலை இன்னைக்கு வருது. புது நம்பர்ல இருந்து போன் வந்தா எடுங்க. 750 ரூபாய் ரெடியா வச்சிடுங்க, வெளியே போறதா இருந்தா பக்கத்து வீட்ல சொல்லிடுங்க." திரும்புகிறதைக் குறைக்க இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது முகவரி, இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். நம் ஊரில் அண்ணா நகர் இல்லாத ஊர் உண்டா? காந்தி நகர், பெரியார் நகரும் அப்படித்தான். திருப்பத்தூர் என்று எழுதினால் எந்தத் திருப்பத்தூர்? 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூரின் பின்கோடு 635601, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு 630211. ஊர்ப்பெயரை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் பார்சல் பிரிவது பின்கோடை வைத்துத்தான், எண் தப்பினால் வேறு ஊர் ஹப்புக்கு (கூரியர் பார்சல்களைப் பிரிக்கும் இடம்) போய் அங்கே "முகவரி சரியில்லை" என்று நிற்கும். ஆர்டர் வந்ததும் பின்கோடும் ஊரும் மாவட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள், அரை நிமிஷ வேலை. சென்னை முகவரி என்றால் பழைய எண், புது எண் இரண்டையும் கேளுங்கள். கிராமம் என்றால் தெரு, ஊர், அஞ்சல், வட்டம் எல்லாம் வேண்டும், கூடவே யாரைக் கேட்டாலும் காட்டக்கூடிய ஒரு அடையாளம், இரண்டாவது போன் நம்பர். அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின், சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்தைக் காட்டும் பத்து எழுத்துக் குறியீடு. கஸ்டமர் கொடுத்தால் வாங்கி வைக்கலாம், ஆனால் பின்கோடுக்கு அது மாற்று இல்லை.

"வேண்டாம்" என்று மறுத்திருந்தால் காரணம் கேளுங்கள், வாதாட வேண்டாம். வீட்டில் மாமியாருக்கு விஷயம் தெரியாமல் பார்சலைத் திருப்பியிருப்பார், அல்லது விசேஷம் முடிந்த பிறகு சேலை போயிருக்கும். உண்மையிலேயே வேண்டாம் என்றால் மூன்று முறை அலையவிடாமல் அன்றே ஆர்டிஓ போட்டுவிடுங்கள், சரக்காவது சீக்கிரம் கைக்கு வரும்.

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தபால்காரர் போனபோது கதவு பூட்டியிருந்தால் பார்சல் அந்தத் தபால் நிலையத்திலேயே சில நாள் இருக்கும். கஸ்டமர் அடையாள அட்டையோடு நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம், டிராக்கிங் எண்ணை அனுப்பி அதைச் சொல்லுங்கள். அனுப்புநர் முகவரியும் போன் நம்பரும் கவர் மேல் ஒன்று, உள்ளே ஒரு சீட்டில் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கட்டும். மழையில் ஸ்டிக்கர் உரிந்துபோய், கொடுக்கவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் போகிற பார்சல்கள் ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸுக்குப் போகும். அங்கே பிரித்துப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் அந்தச் சீட்டுதான் உங்களைக் கண்டுபிடிக்க வழி.

இவ்வளவு செய்தும் திரும்பி வருவது வரத்தான் செய்யும். வந்து இறங்கும்போது அவசரப்பட்டு ஓடிபி சொல்லிவிடாதீர்கள், சொன்னால் எல்லாம் வாங்கிக்கொண்டதாகப் பதிவாகிவிடும். பையன் பத்து பார்சல் மூட்டையாகக் கொண்டுவந்து "அக்கா, ஓடிபி" என்று நிற்பார். முதலில் எண்ணுங்கள், ஒவ்வொன்றின் ஏடபிள்யூபி எண்ணையும் (லேபிளில் இருக்கும் டிராக்கிங் எண்) சரிபாருங்கள், கிழிந்தது, நனைந்தது, லேசாக இருப்பது எதையும் தனியே எடுத்து வையுங்கள். டேப்பைக் கவனியுங்கள். நீங்கள் ஒட்டிய பிரவுன் டேப்புக்கு மேல் இன்னொரு டேப் ஓடியிருந்தால் நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், விளிம்பைத் தடவினால் இரண்டு அடுக்கு விரலில் தட்டும். நடுவில் யாரோ பிரித்து ஒட்டியிருக்கலாம் என்று அர்த்தம். கடைப்பெயர் அச்சடித்த டேப் வைத்திருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும், அதற்காகவே அந்தச் செலவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் போட்டோ எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் "சேதமான நிலையில் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டு வாங்குங்கள்.

பிரிப்பதை அன்றைக்கே செய்யுங்கள். சேதத்துக்கு நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போட பல இடங்களில் 24 அல்லது 48 மணி நேரம்தான் தருகிறார்கள், உங்கள் கூரியர் எவ்வளவு தருகிறது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போனை ஸ்டாண்டில் வைத்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோ: லேபிள் தெளிவாக, பெட்டியின் ஆறு பக்கமும், தராசில் எடை, பிறகு வெட்டுவது, உள்ளே இருக்கும் சரக்கு. எடையை வெட்டுவதற்கு முன் காட்ட வேண்டும். அனுப்பும்போது 520 கிராம் இருந்தது 300 கிராமாக வந்திருந்தால் அதுவே உங்கள் பக்கத்து சாட்சி.

சேலை சரியாக இருந்தால் அப்படியே ஷெல்ஃபில் வைத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் ஹப்பில் கிடந்தது என்றால் ஒரு ஈரவாடை இருக்கும். முழுசாக உதறி, பிளவுஸ் பிட் முனை, முந்தானை, பார்டர் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடியுங்கள். பழைய மடிப்பிலேயே இருந்தால் ஜரிகை அங்கே உடையும். சாப்பிடும் பொருள், முகத்தில் பூசும் பொருள் என்றால் என் கருத்து ஒன்றுதான்: வாரக்கணக்கில் வெயிலில் சுற்றிய மசாலாப் பொடியை சீல் உடையாவிட்டாலும் இன்னொருவருக்கு விற்காதீர்கள்.

முன்கூட்டியே முழுப்பணம் கட்டிய ஆர்டர் திரும்பினால், பார்சல் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல், திரும்ப ஆரம்பித்த அன்றே கஸ்டமரிடம் சொல்லுங்கள். மறுபடி அனுப்பவா, பணம் திருப்பித் தரவா என்று அவரே சொல்லட்டும். முகவரியை அவர் தப்பாகக் கொடுத்திருந்தால் கூரியர் செலவைக் கேட்கலாம், ஆனால் அந்த விதி வாங்கும்போதே அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தப்பு நம்முடையதோ கூரியருடையதோ என்றால் முழுப்பணம், அல்லது நம் செலவில் மறுபடி அனுப்புவது. சொன்ன தேதிக்குப் பிறகு தாமதமாகப் போன பொருளுக்கு விற்பவர் பணம் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே சொல்கின்றன. மறுபடி அனுப்பும்போது புது லேபிள் ஒட்டினால் மட்டும் போதாது, பழைய பார்கோடை உரித்தோ மார்க்கரால் அடித்தோ விடுங்கள். ஹப்பில் ஸ்கேனர் பழையதைப் படித்துவிட்டால் பார்சல் உங்களிடமே திரும்பி வரும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், பில் போட்டு அனுப்பியது திரும்பினால் அதற்குக் கிரெடிட் நோட் (அந்த பில் தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டு) போட வேண்டும். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு (ஆண்டு ரிட்டர்ன்) தாக்கல் செய்யும் நாள், எது முந்தியதோ அதற்குள் கணக்கில் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் விற்காத பொருளுக்கு வரி கட்டியதாகிவிடும். கூரியர் பில்லையும் பாருங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடையும் நிஜ எடையும் ஒப்பிட்டு, பெரியதற்குத்தான் காசு. 30, 25, 8 அளவுள்ள பெட்டியில் அரைக்கிலோ சேலை போனால் பில்லில் 1.2 கிலோ. திரும்பி வரும்போதும் அதே 1.2. தட்டையான கவருக்கு மாறினாலே செலவு பாதியாகலாம். அப்புறம், பில்லில் உங்களிடம் திரும்பக் கொடுத்ததாக இருக்கும் ஏடபிள்யூபி எண் எல்லாம் நிஜமாக வீட்டுக்கு வந்திருக்கிறதா என்று உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

அந்த நோட்டில் தேதி, பின்கோடு, கூரியர், பேனலில் வந்த காரணம், கஸ்டமர் போனில் சொன்ன காரணம் இவ்வளவு இருந்தால் போதும். ஒரே பின்கோடில் ஒரே கூரியர் திரும்பத் திரும்ப "ஆள் இல்லை" என்றால் அந்தப் பகுதிக்கு வேறு கூரியர் பாருங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் மட்டும் அதிகம் திரும்பினால், அனுப்புவதற்கு முன் 100 ரூபாய் முன்பணம் கேளுங்கள். வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் பெரும்பாலும் கட்டிவிடுவார்கள்.

சில விற்பனையாளர் குரூப்புகளில் பார்சல் வாங்காத பெண்களின் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரியை "ஃபேக் கஸ்டமர்" என்று போட்டுப் பரப்புகிறார்கள். இதைச் செய்யவே செய்யாதீர்கள். டெலிவரிக்காக நம்மை நம்பிக் கொடுத்த முகவரி அது, ஒரு பெண்ணின் வீடு எங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொல்வது ஆபத்து, சட்டப்படியும் சிக்கலில் போய் நிற்கும். அதே நம்பரிலிருந்து மறுபடி ஆர்டர் வந்தால் உங்கள் நோட்டில் பார்த்து, "இந்த முறை முழுப்பணம் முன்னாடியே கட்டிடுங்க" என்று அவரிடமே சொல்லுங்கள்.