தடுப்பூசிக்குப் பிறகு தோளைத் தூக்க முடியவில்லையா? அமெரிக்காவில் இழப்பீடு கேட்கும் வழி

ஃப்ளூ ஊசி போட்ட கை இரண்டு நாள் வலிப்பது சகஜம். ஆனால் வாரக்கணக்கில் தலை வாரக் கை எழும்பவில்லை, சட்டைக்குள் கையை நுழைத்தாலே உயிர் போகிறது என்றால் அதை விட்டுவிடாதீர்கள். ஊசியைத் தோளில் ரொம்ப மேலே குத்தினால் மருந்து தசைக்குள் போகாமல் தோள்மூட்டுக்குப் பக்கத்தில் உள்ள திரவப் பையில் இறங்கி அழற்சி வரலாம். இதைச் சிர்வா என்பார்கள். 2017 முதல் இது அமெரிக்க மத்திய அரசின் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தின் அட்டவணையில், அதாவது எந்த ஊசியால் வரும் எந்தப் பாதிப்புக்கு இழப்பீடு என்ற பட்டியலில், இருக்கிறது.

முதல் வேலை, டாக்டரைப் பார்ப்பது. அட்டவணைப்படி வலி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும், அதே தோளில் மட்டும் இருக்க வேண்டும். நாம்தான் வழக்கம்போல "கொஞ்ச நாளா தோள் வலிக்குது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம், அவரும் அப்படியே எழுதிவிடுவார், பிறகு அந்த ஒரு வரிதான் கேஸில் காலை வாரும். "அக்டோபர் 4 இடது கையில் ஃப்ளூ ஊசி, அன்று இரவே வலி" என்று நடந்ததை நடந்தபடி தேதியோடு சொல்லி, ஃபைலில் ஏறியதா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் காகிதங்கள். ஊசி போட்ட ரெக்கார்டை வாங்கியதும் எந்தக் கை என்று பாருங்கள். வலது என்று தப்பாகப் பதிந்திருந்தால் அன்று வீட்டுக்கு அனுப்பிய மெசேஜ்கூட உதவும். எம்ஆர்ஐ, பிசியோதெரபி குறிப்புகள், ஊசிக்கு முந்தைய வருடங்களின் ஃபைல் எல்லாம் வேண்டும், ஏனென்றால் அந்தத் தோளில் பழைய வலி இருந்ததா என்று கட்டாயம் தோண்டுவார்கள்.

பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். முதல் வலி வந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

மனு ஊசி போட்டவர் மேல் அல்ல, மத்திய சுகாதாரத் துறைச் செயலர் மேல். வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் இந்த மனுக்களை விசாரிக்கவென்றே நீதிபதி போல இருக்கும் ஸ்பெஷல் மாஸ்டர் விசாரிப்பார். வக்கீலுக்கு என்ன செலவாகுமோ என்று பயந்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், பயம் வேண்டாம்: உங்கள் தொகையில் அவர் பங்கு கேட்க முடியாது, நியாயமான அடிப்படையோடு நல்லெண்ணத்தில் போட்ட மனு என்றால் தோற்றாலும் இந்தத் திட்டமே அவருக்குப் பணம் தரலாம். வலி, வேதனைக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் தனி.

கோவிட் ஊசிக்கு மட்டும் வேறு திட்டம். அதில் ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு, வக்கீல் கட்டணமும் கிடைக்காது, அதனால் அந்தத் தேதியை இன்றைக்கே பாருங்கள்.