டிரிப் ஏ, டிரிப் பி, அப்புறம் அந்தக் கேமரா

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது டேஷ்போர்டைப் பற்றி யாரும் அதிகம் சொல்லித் தருவதில்லை. வண்டியை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் ஆன் செய்துகொண்டு இதைப் படியுங்கள்.

1. எது எந்த மீட்டர்?

ஓடோமீட்டர் என்பது கார் இதுவரை ஓடிய மொத்தத் தூரம். அதை நாம் பூஜ்ஜியமாக்க முடியாது. டிரிப் மீட்டரை நினைத்தபோது பூஜ்ஜியமாக்கலாம். பல கார்களில் ஏ, பி என்று இரண்டு இருக்கும். பொத்தானைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும், சில விநாடி அழுத்திப் பிடித்தால் பூஜ்ஜியமாகும். பிடிக்கும் முன் திரையில் இருப்பது ஏ-யா பி-யா என்று பாருங்கள். பல மாதக் கணக்கை இப்படி ஒரே அழுத்தில் தொலைத்தவன் நான்.

2. ஏ-வைப் பெட்ரோலுக்கு ஒதுக்குங்கள்

பங்க்கில் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஏ-வைப் பூஜ்ஜியமாக்குங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறையும் அதேபோல், தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். டிரிப் 412 கிலோமீட்டர், ஊற்றியது 24.5 லிட்டர் என்றால் வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்குச் சுமார் 16.8. ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று நான்கு டேங்க் பார்த்தால்தான் உண்மை தெரியும். திரை தானாகக் காட்டும் மைலேஜ் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று காட்டும் எண்ணும் ஒரு கணிப்புதான். சமீபத்தில் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து அது போடும் கணக்கு. மலை ஏறினால் சரசரவென்று குறையும், இறங்கினால் கூடும். அதை நம்பிக் கடைசிச் சொட்டு வரை போகாதீர்கள்.

பி? சர்வீஸ் முடிந்த நாளில் பூஜ்ஜியமாக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், அதன் பிறகு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரியும்.

3. எச்சரிப்பது எது, செயல்படுவது எது?

ஓட்டுநர் உதவி வசதிகளில் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சாலையில் நீங்கள் போகும் தடத்தின் (லேன்) கோட்டைக் கார் தாண்டினால், லேன் எச்சரிக்கை சத்தம் மட்டும் போடும். லேன் கீப் ஸ்டீயரிங்கையே மெல்லத் திருப்பும். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால், நீங்கள் தூங்கிவிட்டதாக நினைத்து அது இழுக்கும். இண்டிகேட்டர் போட்டால் பெரும்பாலும் பேசாமல் இருக்கும்.

அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் நீங்கள் குறித்துவைத்த வேகத்தில் காரைக் கொண்டுபோகும், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப அதைக் குறைக்கும், கூட்டும். பிரேக்கைத் தொட்டால் விலகிவிடும். ரெஸ்யூம் பொத்தானை அழுத்தினால் பழைய வேகத்துக்குப் பாயும், அந்த வேகம் என்ன என்பது நினைவிருக்கட்டும். இன்னொன்று: வேகமாகப் போகும்போது வழியில் அசையாமல் நிற்கும் வண்டியை இது கவனிக்காமல் போகலாம். கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இவற்றின் கண், பொதுவாக உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவும் முன்பக்க ரேடாரும். சேறு, பனி, கனமழை என்றால் ‘வசதி இப்போது இல்லை’ என்று செய்தி வரும். மெக்கானிக்கைத் தேடும் முன் ஒரு துணியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள்.

4. ஒரு விளக்கு, ஓர் அதிர்வு

சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கினால், சறுக்கல் தடுப்பு அப்போது வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் அது அணைக்கப்பட்டிருக்கலாம், இல்லையென்றால் பழுது. அவசரமாக பிரேக் அடிக்கும்போது பெடல் காலுக்கடியில் தடதடக்கிறதா? அது ஏபிஎஸ், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. பயந்து காலை எடுத்துவிடாமல் அழுத்தியே பிடியுங்கள்.