நயாகராவுக்குச் சைக்கிளில்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

கனடாவில் புற்றுநோய் மையம் ஒன்றுக்குக் காசு சேர்ப்பதற்காக நயாகராவரை சைக்கிள் ஓடினேன். நான் விட்ட முதற்பிழை, சைக்கிளில் ஏறுவதற்கு ஐந்து மாதம் முன்பே நடந்தது. பதிவு செய்த அன்றிரவே காசு சேர்க்கும் பக்கத்தில் மாமியின் படத்தைப் போட்டேன். "மார்பகப் புற்றுநோயோடு போராடும் என் மாமிக்காக" என்று எழுதி, வட்ஸ்அப்பில் நாலு குழுக்களுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். விடிய மாமியின் அழைப்பு. "என்ரை வருத்தத்தை நான் என்ரை தங்கச்சிக்கே இன்னும் சொல்லேல்லை. நீ ஊருக்கே நோட்டீஸ் ஒட்டிப்போட்டாய்."

எங்கள் வீடுகளில் புற்றுநோய்க்குப் பெயர் இல்லை. "அந்த வருத்தம்" என்பார்கள், குரலைத் தாழ்த்தி. மகளுக்குக் கலியாணம் பேசி முடியவில்லை, ஊரில் இருக்கிற அம்மா தாங்கமாட்டா, வேலையிடத்தில் தெரியக்கூடாது என்று ஆளுக்கொரு காரணம். அது சரியோ பிழையோ, போட்டு உடைக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. படம், பெயர், எந்த இடத்தில் வந்தது, என்ன சிகிச்சை நடக்கிறது, இந்த நாலையும் தனித்தனியே கேளுங்கள். பெயருக்குச் சம்மதிப்பவர் படத்துக்கு மாட்டேன் என்பார். தலைமயிர் கொட்டுவதற்கு முன் எடுத்த கலியாணவீட்டுப் படத்தைத்தான் போடவேண்டும் என்பவர்களும் உண்டு. காலமானவருக்காக ஓடுகிறீர்கள் என்றால் கணவரிடமோ மனைவியிடமோ பிள்ளைகளிடமோ கேட்டேயாக வேண்டும். மாமி கடைசியில் ஒத்துக்கொண்டது "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்காக" என்ற மூன்று சொல்லுக்கு மட்டும்.

நான் சொல்வது, ரொறன்ரோவில் உள்ள பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்துக்காக 2008இல் தொடங்கிய 'ரைட் டு கொங்கர் கான்சர்' (Ride to Conquer Cancer) என்ற சைக்கிள் ஓட்டம் பற்றி. ஜூன் மாதத்தில் இரண்டு நாள், ரொறன்ரோவில் தொடங்கி நயாகராவில் முடியும், 200 கிலோமீற்றருக்கு மேல். ஓடுகிறவர் ஒவ்வொருவரும் குறைந்தது 2,500 டொலர் சேர்க்கவேண்டும்.

அந்தக் காசை மே மாதத்தில் பார்த்துக்கொள்வோம் என்று விடாதீர்கள். 2,500 என்பது நூறு நூறாக 25 பேர். குழுவில் போடும் பொதுச் செய்தியை எல்லாரும் பார்ப்பார்கள், பெருவிரலை உயர்த்துவார்கள், காசு வராது. ஆளாளாகப் பெயர் சொல்லி எழுதவேண்டும், அல்லது எடுத்துக் கதைக்கவேண்டும். பிறந்தநாள் விழாவில் கையில் திணிக்கும் காசை வாங்கி உங்கள் பெயரில் கட்டிவிடாதீர்கள். வரிக்கான பற்றுச்சீட்டு, காசு கொடுத்தவர் பெயரில் வரவேண்டும். "இந்தக் காசு எங்கை போகுது?" என்று ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். அந்த இடத்தில் முழிக்கக்கூடாது. ஆராய்ச்சிக்கும் போகிறது என்று சொல்லுங்கள். குருதியை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்று 1961இல் ஜேம்ஸ் டில்லும் ஏர்னஸ்ட் மக்கலக்கும் காட்டியது இதே நிறுவனத்தில்தான் என்றும் சொல்லுங்கள். அந்தச் செல்களுக்காகத்தான் எலும்பு மச்சை மாற்றுகிறார்கள். அப்படி மாற்றிப் பிழைத்த ஒருவரையாவது அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

இனி, "யாழ்ப்பாணத்திலை உழக்காத சைக்கிளோ?" என்ற பிழை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத ஊரில் அரிசி மூட்டையையும் ஆளையும் கரியரில் வைத்து உழக்கியவர்கள் நாங்கள், உண்மை. ஆனால் அது பதினெட்டு வயதுக் கால். இப்போது இருப்பது முப்பது வருடம் கார் ஓடிய கால்.

பழைய பழக்கம் இன்னொரு விதத்திலும் காலை வாரும். சீற்றில் இருந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் முட்டினால்தான் எங்களுக்கு நிம்மதி. அந்த உயரத்தில் 200 கிலோமீற்றர் ஓடினால் முழங்கால் போய்விடும். மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமளவுக்குச் சீற்றை உயர்த்தவேண்டும். மெத்தை போன்ற அகலச் சீற் வாங்குவதும் வீண் செலவு. முதல் மணித்தியாலம் சுகமாக இருக்கும், பிறகு உரசும். பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டைதான் வேண்டும், அதற்குள் உள்ளாடை போடக்கூடாது. வெட்கத்தில் இதை ஒருவரும் சொல்லித்தருவதில்லை. உள்ளாடையின் தையல்தான் தோலை உரிக்கிறது.

பயிற்சியில் ஒருநாள் 100 கிலோமீற்றர் ஓடிக் காட்டிவிட்டு ஒரு கிழமை படுத்துக்கிடப்பதில் பிரயோசனமில்லை. சனி 70, ஞாயிறு 50 என்று அடுத்தடுத்து ஓடிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலை மறுபடி அந்தச் சீற்றில் குந்தும்போதுதான் இந்த ஓட்டம் என்னவென்று உடம்புக்கு விளங்கும்.

எங்கள் ஆட்களுக்கே உரிய பிழை ஒன்று உண்டு: இதைக் காவடியாக்குவது. "அவ அவ்வளவு வேதனைப்படுறா, நான் இரண்டு நாள் பசி கிடந்தால் என்ன?" என்று என்னோடு ஓடிய ஒரு அண்ணை வெறும் தேத்தண்ணியோடு தொடங்கினார். ஐம்பதாவது கிலோமீற்றரில் வீதியோரப் புல்லில் இருந்தார், கை நடுங்க. நேர்த்திக்கு முருகன் இரங்கலாம், தசைக்கு மாச்சத்து வேண்டும். மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். பசி வருமுன், முதல் அரை மணித்தியாலத்திலேயே தொடங்குங்கள். மாமி கட்டித்தந்த எள்ளுருண்டை ருசிதான், ஆனால் எண்ணெய்ப்பிடிப்பு, மெல்லத்தான் செமிக்கும். அதை மத்தியானத்துக்கு வைத்துக்கொண்டேன்.

அதே காவடி மனம்தான் பின்னால் வரும் உதவி வாகனத்தில் ஏறவும் விடாது. ஏறுங்கள். கொடுத்தவர்கள் கிலோமீற்றர் கணக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை, காசு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் சைக்கிளில் மஞ்சள் கொடி பறக்கும். மேட்டில் உங்களைத் தாண்டி அப்படியொரு கொடி போகும்போது கண் நிறையும். அழுங்கள், ஆனால் கூட்டத்தின் நடுவில் வேண்டாம். முன்னால் போகிறவரின் பின்சில்லும் உங்கள் முன்சில்லும் ஒரு அடி இடைவெளியில் ஓடுகிற இடம் அது. கையைக் காட்டி, குரல் கொடுத்து, ஓரத்துக்கு வந்து நின்று அழுங்கள்.

சிகிச்சையில் இருப்பவரை "முடிவிடத்தில் வந்து நில்லுங்கோ" என்று கேட்டு அந்தரப்படுத்தாதீர்கள். நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கீமோ எடுப்பவருக்கு நோய்க்கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கலாம், அந்தச் சனக்கூட்டமும் வெயிலும் ஆகாது. மாமி வீட்டில் இருந்தா. நான் வீடியோ அழைப்பில் எடுத்தபோது அவ முதலில் கேட்டது, அந்த மஞ்சள் கொடி எங்கை வாங்கலாம் என்று.

நயாகராவில் காரை முன்கூட்டியே விட்டுவைத்து, தனியாக அதை ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்று நினைப்பவர்கள் கடைசிப் பிழையை விடுகிறார்கள். இரண்டு நாள் உழக்கிய களைப்போடு சுமார் 130 கிலோமீற்றர் நெடுஞ்சாலை. கண் தானாகச் சொக்கும். வேறு யாரையாவது சாரதியாக முன்பே கேட்டு வையுங்கள், அல்லது பேருந்தில் இடம் பிடியுங்கள்.