குடிநோய்ச் சிகிச்சை: செலவுக் கணக்கில் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு மருத்துவமனையின் போதை மீட்பு வார்டில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் குடும்பத்தினர் கூட்டத்துக்கு ஆறு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். தம்பியின் குடியால் அங்கே போகத் தொடங்கியவள், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் செலவுக் கணக்குப் போட்டுத் தருகிறேன். சென்ற வாரம் ஒரு தாயார் முந்தானை முடிச்சை அவிழ்த்து நகை அடகுச் சீட்டை என் முன்னால் வைத்தார். அதைப் பார்த்ததும், 2019-இல் நான் செய்ததை வரி மாறாமல் இவரும் செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. கோயிலில் சத்தியம் வாங்குவது, மந்திரித்துக் கயிறு கட்டுவது, கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று பெண் தேடுவது போன்றவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மொத்தப் பணத்தையும் வாசலிலேயே கட்டுவது

தம்பி வேலைக்குப் போவதை நிறுத்தி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. சுவரொட்டியில் பார்த்த எண்ணுக்கு அழைத்தேன். ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் மறுவாழ்வு இல்லம் அது. 6 மாதத்துக்கு 90,000 ரூபாய் என்றும், ஒரே தவணையில் கட்டினால் 75,000 போதும் என்றும், இரவிலேயே வண்டி அனுப்பி ஆளை அழைத்துக்கொள்வோம் என்றும், முதல் 45 நாள்களுக்கு யாரும் பார்க்க வரக்கூடாது என்றும் சொன்னார்கள். அம்மாவின் சங்கிலியையும் இரண்டு வளையல்களையும் அடகு வைத்துப் பணம் கட்டினேன். கூட்டுறவுச் சங்கத்தில் நாள் முழுவதும் ரசீது எழுதிப் பிழைக்கிற நான், அவர்கள் கொடுத்த ரசீதில் ‘கட்டணம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் இரவு அங்கிருந்து தொலைபேசி வந்தது. தம்பிக்கு வலிப்பு கண்டிருந்தது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்திக்கொண்டிருந்தான். அங்கே மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. அரசு மருத்துவமனைக்கு நாங்களே கொண்டுபோனோம். அங்கே அவன் பிழைத்தான், எங்களுக்கு ஒரு ரூபாய் செலவாகவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டபோது, நன்கொடையைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாள்களுக்குள்ளும், சித்தப்பிரமை இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்ளும் வரக்கூடும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆகவே முதல் வாரம் முழுக்க முழுக்க மருத்துவரின் வேலை, அதற்குரிய இடம் மருத்துவமனை. மனநல ஆலோசனை அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறும். அதன்பின் ஓராண்டாவது மாத்திரை, மறுபரிசோதனை, பேருந்துக் கட்டணம், வேலை கிடைக்கும்வரை சாப்பாடு என்று சிறு சிறு செலவுகள் வந்துகொண்டே இருக்கும். குடும்பங்களோ அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் முதல் கட்டத்துக்குக் கையிருப்பு முழுவதையும் கொட்டிவிட்டு, நான்காம் மாதம் மாத்திரை வாங்கக் காசில்லாமல் நிற்கின்றன. கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கையிலுள்ள பணத்தில் பாதிக்கு மேல் முதல் இரண்டு மாதங்களில் தொடாதீர்கள் என்பதைத்தான்.

தனியார் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றால் மாதாமாதம் மட்டும் கட்டுங்கள், ‘கட்டணம்’ என்று எழுதிய ரசீது வாங்குங்கள், மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், இரவில் எந்த மருத்துவர் வருவார் என்று கேளுங்கள். 2017-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் குடி, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஒருவரை அவருடைய சம்மதமின்றிச் சேர்ப்பதானால் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் 30 நாள்கள் வரைதான். அதற்கு மேல் நீட்டிக்க அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி தேவை. சங்கிலியால் கட்டுவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை. நான்கு பேர் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய் 6 மாதம் பூட்டிவைப்பது இதில் எங்கே பொருந்துகிறது என்று, முன்பணம் கேட்கிறவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று மேற்சொன்ன சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் பெரும்பாலான பாலிசிகளின் விலக்குப் பட்டியலில், 12 என்ற குறியீட்டு எண்ணோடு, குடி, போதைப்பொருள் பழக்கம், அவற்றின் விளைவுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சை தனியே குறிப்பிடப்பட்டிருக்கும். ‘விளைவுகள்’ என்ற சொல் கல்லீரல் வரை இழுத்துக்கொண்டு போகும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் ‘வயிற்றுப் புண் என்று எழுதிக் கொடுங்கள் டாக்டர்’ என்று கெஞ்சுவதையும் பார்த்திருக்கிறேன். அது வெளிப்பட்டால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்து எடுத்த பாலிசியே போய்விடும்.

சாம்பாரில் மாத்திரை கலப்பது

கூடவே கூடாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்படி செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரை உடம்பில் இருப்பது தெரியாமல் குடிக்கிறவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒயின்ஷாப் கடனை அடைப்பது

அடைக்காதீர்கள்.

இலவசமென்றால் மட்டம் என்று நினைப்பது

மத்திய அரசின் உதவித்தொகையோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் தங்குவதற்கும் சிகிச்சைக்கும் கட்டணமில்லை. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் அருகிலுள்ள மையத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும், குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்களுக்கும் கட்டணமே கிடையாது. சென்னையில் 1980-இலிருந்து இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தினரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். அதற்கு விடுப்பு எடுக்க நேரும் நாள்களின் சம்பள இழப்பையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், நான் சேர்க்கவில்லை.

திரும்பி வருகிறவரின் இருப்பிடத்தைக் கடைசி நாளில் யோசிப்பது

இரண்டாம் முறை முறையான சிகிச்சை முடிந்து தம்பி வீட்டுக்கு வந்தபோது, தெருவைப் பார்த்த அதே முன்னறையைத் தந்தோம். பழைய கூட்டாளிகள் ஜன்னலருகே வந்து நின்றே கூப்பிடலாம்; ஒன்பதாம் நாள் அதுதான் நடந்தது. ஹாஃப்வே ஹோம் எனப்படும் இடைக்கால விடுதிகள் நம் பக்கம் மிகக் குறைவு, இருப்பவற்றிலும் மாதக் கட்டணம் உண்டு. ஆகவே சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே, வேறு தெருவில் ஓர் அறையா, வெளியூரில் உள்ள அத்தை வீடா, அங்கே போனால் மறுபரிசோதனைக்கு எந்த மருத்துவமனை என்பதையெல்லாம் பேசி முடித்துவிட வேண்டும். தம்பிக்குக் கடைசியில் பஞ்சர் கடை ஒன்றின் மாடியில், மாதம் 1,800 ரூபாய்க்கு ஓர் அறை பிடித்தோம். ஆறு மாத வாடகையை மாதாமாதம் நானே வீட்டுக்காரரிடம் நேரில் கொடுத்தேன்; ஏழாம் மாதம் அவன் கொடுத்தான்.