மழைக்கால இருமலுக்கு எங்கள் வேலியோரத்து வைத்தியம்

முதலில் இருமலைக் காது கொடுத்துக் கேளுங்கள். நெஞ்சில் சளி கட்டிக் கரகரக்கிறதா, சளியே இல்லாமல் தொண்டை மட்டும் அரிக்கிறதா? இரண்டுக்கும் ஒரே கஷாயத்தைக் காய்ச்சி ஊற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

நெஞ்சுச் சளிக்கு ஆடாதோடைதான். எங்கள் கோபி பக்கம் தோட்டத்து வேலியில் நிற்கும். ஆடு மாடு வாய் வைக்காது. மாவிலை போல நீண்ட இலை, வெள்ளைப் பூ. தெரியாத செடி என்றால் தெரிந்தவரிடம் காட்டாமல் பறிக்காதீர்கள். பெரியவர் ஒருவருக்கு முற்றிய இலை இரண்டு போதும். கழுவி, நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு நறுக்குங்கள். ஐந்தாறு மிளகும் விரல்நுனி அளவு சித்தரத்தையும் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும்வரை சிறு தீயில் வையுங்கள். வடிகட்டி, சூடு தணிந்த பிறகு தேன். கசப்பு தலைக்கு ஏறும். சர்க்கரை கொட்டி அதை மறைக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்துவிடுவதே மேல். சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு ஒரு வேளை, மூன்று நாள்.

இது வெறும் பாட்டி வைத்தியம் என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்கிற சளி இளக்கும் மருந்தையே உருவாக்கினார்கள். கடையில் வாங்கும் பல இருமல் டானிக்குகளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அதனால்தான் டானிக்கும் கஷாயமும் சேர்த்துக் குடிக்காதீர்கள் என்கிறேன். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே வேண்டாம், கருப்பையைச் சுருங்க வைக்கும். குழந்தைகளுக்கு நானாக அளவு போட்டுக் கொடுப்பதில்லை. அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் ஆடாதோடை மணப்பாகு கொடுப்பார்கள், எவ்வளவு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வறட்டு இருமலா? கஷாயம் வேண்டாம். அதிமதுரக் குச்சியில் சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உமிழ்நீரை விழுங்கினால் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் விட்டுவிடுங்கள். அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும். அவர்களுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதே நல்லது.

வீட்டில் எல்லாருக்கும் லேசாக மூக்கு ஒழுகுகிற நாட்களில் தூதுவளை ரசம். கிளுவை வேலியில் ஏறிக்கிடக்கும் கொடி. ஊதாப் பூவும் சிவந்த பழமுமாக இருக்கும். முள் தண்டில் மட்டும் இல்லை, இலை நரம்பிலும் உண்டு. கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். ஒரு கைப்பிடி இலையை நெய்யில் நிறம் மாறும்வரை வதக்கினால் மிச்சம் இருக்கும் சின்ன முள்ளும் மெத்தென்று ஆகிவிடும். மிளகு, சீரகம் ஒவ்வொரு ஸ்பூன், பூண்டு ஆறு பல் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, புளித்தண்ணீரில் கரைத்து, நுரை கட்டியதும் இறக்குங்கள். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். எங்கள் வீட்டில் இதைச் சோற்றில் பிசைவதைவிட டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுதான் அதிகம்.

பிள்ளைகளுக்குக் கற்பூரவல்லி. தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்த சாறு கால் ஸ்பூன், தேன் கொஞ்சம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தக் காரணத்துக்கும் தேன் கூடாது, பெரியவர்கள் நாக்கில் தடவச் சொன்னாலும் சரி.

மூச்சு வாங்கினாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.