வீட்டில் தனி ஊசல்: நீளத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது?

தனி ஊசல் என்பது நூலில் தொங்கி ஆடும் குண்டு. அதை ஆட்டி வீட்டிலேயே ஈர்ப்பு முடுக்கத்தை (புத்தகத்தில் 9.8) அளக்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, நூல், டேப், போனில் ஸ்டாப்வாட்ச் போதும். குளச்சல் பக்கம் எந்தக் கடையிலும் தங்கூஸ் (மீன்பிடி நைலான் நூல்) கிடைக்கும், ஆனால் வேண்டாம். குண்டின் கனத்தில் அது நீண்டுகொண்டே போகும். ஜீன்ஸ் தைக்கும் தடித்த பாலியஸ்டர் நூல்தான் என் தேர்வு.

மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்துங்கள். நாங்கள் தோவாளையில் இருக்கிறோம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடித்தால் குண்டு சொன்னபடி கேட்காது.

அடுத்தது கட்டுவது. நான் இரண்டு நாள் திணறியது இங்கேதான். முதலில் நிலைப்படியில் ஆணி அடித்து நூலைச் சுருக்குப் போட்டு மாட்டினேன். ஊசல் ஆட ஆட முடிச்சு ஆணியில் உரசி நகர்ந்தது, ஆட்டமும் சீக்கிரம் அடங்கியது. இப்போது இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே நூலை வைத்து இறுக்கித் திருகாணி போட்டுவிடுகிறேன். நூல் வெளியே வரும் கீழ் விளிம்புதான் தொங்கும் புள்ளி. அது அசையக்கூடாது.

நீளத்தை அந்த விளிம்பிலிருந்து குண்டின் எடைமையம் வரை அளக்க வேண்டும், கொக்கி வரை அல்ல. நான் கொக்கி வரை 100 செ.மீ. என்று எடுத்தேன். 20 அலைவுக்கு 40.8 விநாடி வந்தது. கணக்குப் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.5! மனசே ஆறவில்லை. அப்புறம் குண்டை ஸ்கேல் விளிம்பில் படுக்க வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். கொக்கியிலிருந்து 3 செ.மீ. கீழே! 103 என்று போட்டதும் 9.77 வந்தது.

சூத்திரம் இதுதான்: 39.48 × நீளம் (மீட்டரில்) ÷ அலைவு நேரத்தின் (ஓர் அலைவுக்கு ஆகும் விநாடியின்) வர்க்கம். போய்த் திரும்பினால்தான் ஓர் அலைவு. 10 செ.மீ.க்கு மேல் இழுக்காதீர்கள். குண்டு நடுவே கடக்கும்போது 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் ஓர் அலைவு குறைந்துவிடும்.

புத்தகத்தில் 9.8 என்றுதானே இருக்கிறது என்று மகள் கேட்டாள். அது இடத்துக்கு இடம் சற்று மாறும் என்றேன். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிசிலிருந்து தென் அமெரிக்காவில் உள்ள கயென்னுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளுக்கு சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஈர்ப்பு சற்றுக் குறைவு. குமரி மாவட்டமும் அதிலிருந்து 8 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசலுக்குப் பாரிசில் 99.4 செ.மீ. நீளம் வேண்டும், இங்கே 99.1 போதும்.

பின்சேர்க்கை: குண்டு நேராக ஆடாமல் முட்டை வடிவில் சுற்றுகிறது என்று சிலர் சொன்னார்கள். கையால் விடும்போது விரல் தள்ளிவிடுகிறது. குண்டைச் சாதாரணத் தையல் நூலால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, அது முழுக்க அசைவற்று நின்றபின் அந்த நூலைத் தீக்குச்சியால் எரித்து விடுங்கள். பருத்தி நூலாக இருக்கட்டும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும்.