ரோமர் 9ஆம் அதிகாரத்தை வேதபாடத்தில் நடத்துவது எப்படி

எங்கள் தெருவின் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதபாடம் எடுப்பவள் நான். ரோமர் 9, தேவன் தமக்குச் சித்தமானவர்மேல் இரக்கமாயிருந்து, சித்தமானவரைக் கடினப்படுத்துகிறார் என்று பவுல் எழுதும் அதிகாரம். அது வந்தாலே, "தேவன் செய்றது நியாயமாக்கா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டவரை அடக்காதீர்கள். 14ஆம் வசனத்தில் பவுலே அதைத்தான் எழுப்புகிறார்.

ஒரே மண்ணில் தன் விருப்பப்படி பாண்டங்களை வனையும் குயவன் 21ஆம் வசனத்தில் வருகிறான்; அவனிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். முதல் ஐந்து வசனங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தன் ஜனத்துக்காகத் தானே சபிக்கப்பட்டாலும் சரி என்கிற அளவுக்குத் துக்கப்படுகிறவர் பேசுகிறார். அந்தத் துக்கம் காதில் விழாமல் யாக்கோபு, ஏசா பகுதிக்குப் போனால் கல்நெஞ்சமாகத்தான் கேட்கும். "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்கிற அந்த வரி மல்கியா 1இலிருந்து வருகிறது, அங்கே பேச்சு ஏசாவின் வம்சமான ஏதோம் தேசத்தைப் பற்றியது என்பதையும் காட்டிவிடுங்கள்.

அப்புறம், கடினப்படுத்துவதற்குப் பவுல் காட்டும் உதாரணமான எகிப்தின் ராஜா பார்வோன். இங்கே நேரம் செலவிடுங்கள். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, யாத்திராகமம் 7 முதல் 11 வரை எல்லோரையும் தேட விடுங்கள். பார்வோன் தானே இருதயத்தைக் கடினப்படுத்திய இடங்கள் இடப்பக்கம்: 8:15, 8:32, 9:34. கர்த்தர் கடினப்படுத்தியவை வலப்பக்கம்: 9:12, 10:20, 10:27, 11:10. ஆறாவது வாதையான கொப்புளங்களில்தான் வலப்பக்கத்தின் முதல் வரி விழும். உடனே ஒருவர் 4:21ஐக் காட்டி, "கடினப்படுத்துவேன்னு கர்த்தர் முன்னாடியே சொல்லிட்டாரே" என்று மடக்குவார். உண்மைதான், மழுப்பாதீர்கள். இரண்டும் வேதத்தில் இருக்கின்றன. நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618–19இல் மாதக்கணக்கில் இதையொட்டி விவாதித்தார்கள். அதன் பிறகும் இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவனே முன்குறித்தார் என்கிற கால்வின் பக்கம், மனிதன் கிருபையை ஏற்கவும் மறுக்கவும் முடியும் என்கிற அர்மீனியஸ் பக்கம் என்று சபைகள் பிரிந்துதான் நிற்கின்றன. நம்முடைய சனிக்கிழமைக் கூட்டத்தில் தீர்ப்பு வந்துவிடாது.

குயவனுக்கு எரேமியா 18ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன மண்ணை அந்தக் குயவன் எறியவில்லை, வேறு பாண்டமாக வனைந்தான். ஒரு ஜாதி தன் தீங்கைவிட்டுத் திரும்பினால் தாமும் மனமாறுவதாகக் கர்த்தர் அங்கேயே சொல்கிறார். இறையாண்மை என்றால் மனம்போனபடி செய்வது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி அவசியம்.

9ஐ 9இலேயே முடித்துவிடாதீர்கள். 10:1இல் பவுல் இஸ்ரவேலின் இரட்சிப்புக்காக ஜெபிக்கிறார். 11:32 எல்லார்மேலும் இரக்கம் என்கிறது. மூன்று அதிகாரமும் ஒரே பாடம், எத்தனை வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் யாராவது உட்கார்ந்திருந்தால் குயவன் வசனத்தை அவருக்குப் பதிலாக நீட்டவே கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்! அன்றைக்குப் பாடத்தை மூடிவிட்டு, ஆபகூக்கின் முறையீட்டை, முதல் அதிகாரத்தை வாசித்து, அப்படியே ஜெபத்துக்குப் போய்விடுங்கள்.